தூங்கும் மவுசும் திறந்த கணக்குப் புத்தகமும்

நான் பி.காம். மாணவன். கெர்னலுக்கும் உனக்கும் என்னடா சம்பந்தம்னு கேக்காதீங்க. சம்பந்தம் என் மவுஸ் மூலமா வந்தது.

செமஸ்டர் நேரத்துல என் பழைய லேப்டாப்ல ஒரு வியாதி. மவுசை ரெண்டு நொடி தொடாம விட்டா அசையாது. பட்டனை அமுக்கினாத்தான் உயிர் வரும். கடையில காட்டினேன். "போர்டு போச்சு தம்பி, புதுசு வாங்கிடுங்க"ன்னாங்க. வீட்டுல கேட்டா என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும்!

பெசன்ட் நகர் பீச்சுல புலம்பினப்போ, இன்ஜினியரிங் படிக்கிற நண்பன் ஒரு விஷயம் சொன்னான். லினக்ஸ்ல ஒவ்வொரு சாதனத்துக்கும் 'பவர்'னு ஒரு ஃபோல்டர் இருக்கு. அதுல 'கன்ட்ரோல்'னு ஒரு ஃபைல். உள்ளே 'ஆட்டோ'ன்னு இருந்தா, சும்மா இருக்கும்போது கெர்னல் அந்தச் சாதனத்தைத் தூங்க வைக்கலாம். 'ஆன்'னு இருந்தா தூங்க வைக்காது. யூ.எஸ்.பி. சாதனங்களுக்கு வழக்கமான காத்திருப்பு 2 நொடி. திறந்து பார்த்தா 'ஆட்டோ'. பேட்டரி மிச்சமாகும்னு நானே எப்பவோ போட்ட புரோகிராம் செஞ்ச வேலை அது. 'ஆன்'னு மாத்தினேன். சரியாயிடுச்சு. செலவு பூஜ்யம்.

இதைவிட ஆழமான தகவலும் கெர்னல்கிட்ட இருக்கு. ஒரு சாதனத்தைத் தூங்கவிடாம எத்தனை பேர் பிடிச்சு வெச்சிருக்காங்கங்கிற எண்ணிக்கை மாதிரி. ஆனா கெர்னலை உருவாக்கும்போது 'பி.எம். அட்வான்ஸ்ட் டீபக்'ங்கிற தேர்வைப் போட்டாத்தான் அது வெளியே தெரியும். கெர்னல் டெவலப்பரா இல்லாதவங்க அதுக்கு 'வேண்டாம்'னு சொல்லிடுங்கன்னு அதோட உதவிக் குறிப்பே சொல்லுது. இங்கதான் எனக்கு உடன்பாடில்லை.

கண்டவனும் கை வெச்சா பேட்டரி காலியாகும், சாதனம் மக்கர் பண்ணும்னு சொல்லலாம். நியாயம்தான். ஆனா பார்க்கிறது வேற, மாத்துறது வேற. அந்த 'கன்ட்ரோல்' ஃபைலையே யாரும் படிக்கலாம், ரூட் அதிகாரம் இருந்தாத்தான் மாத்த முடியும். கணக்குப் புத்தகமும் அப்படித்தானே? ஆடிட்டர் பார்ப்பார், என்ட்ரி போடமாட்டார். பார்த்ததால எந்தக் கம்பெனியும் திவாலானதில்லை.

2011ல தமிழக அரசு தொடங்கின இலவச லேப்டாப் திட்டத்துல சி-டாக்கோட 'பாஸ்' லினக்சும் வந்தது. அதை வாங்கின பசங்க கெர்னல் டெவலப்பர்கள் இல்லை. வீட்டுக்கு இருக்கிறதே ஒரு லேப்டாப்தான். கோளாறு ஹார்டுவேரா, வெறும் செட்டிங்கான்னு தெரிஞ்சுக்க அவங்களுக்குத்தான் அதிக அவசியம். தெரியலேன்னா கடைக்காரர் சொல்றதுதான் தீர்ப்பு.

எல்லாரும் திறந்து பார்க்கப்போறதில்லை. நூத்துல ஒருத்தன் பார்த்து மத்தவங்களுக்குச் சொன்னா போதும். எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது.

அடுத்த தடவை யாராவது "போர்டு போச்சு"ன்னா, பர்சைத் திறக்கறதுக்கு முன்னாடி அந்த ஃபைலை ஒரு தடவை திறந்து பாருங்க.