ஸ்மார்ட் போர்டு பாடம் நடத்தட்டும்... டீச்சர் என்ன செய்வாங்க?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். தோசை சாப்பிட்டுக்கொண்டே பள்ளிக்கூடக் கதைகளை அவிழ்த்துவிட்டாள்.

“சித்தி, எங்க கிளாஸுக்கு ஸ்மார்ட் போர்டு வந்துடுச்சு. கணக்கெல்லாம் இப்ப வீடியோலதான்!”

“சூப்பர். கடைசியா என்ன வீடியோ பார்த்தீங்க?”

“பின்னம். பீட்சாவை வெட்டி வெட்டிக் காட்டுனாங்க. ஜாலியா இருந்துச்சு.”

“அப்படின்னா ஒண்ணு கேக்குறேன். மூணுல ஒரு பங்கு, நாலுல ஒரு பங்கு... எது பெருசு?”

“நாலுல ஒரு பங்குதான்.”

“ஏன்?”

“மூணைவிட நாலு பெருசுல்ல சித்தி! இதுகூடத் தெரியாதா?”

நான் மறுத்துப் பேசவில்லை. தட்டுக்கு ஒன்றாக இரண்டு தோசைகளை அவள் முன்னால் வைத்தேன். ஒன்றை மூன்று சம பங்காகவும், இன்னொன்றை நான்கு சம பங்காகவும் பிய்க்கச் சொன்னேன். பிய்த்தாள். இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். “அட, ஆமா! நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்குக் கம்மியாத்தானே கிடைக்கும்” என்று தானாகவே சொன்னாள்.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். அதில் தப்பே இல்லை. அழகாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால், வீடியோ முடிந்த பிறகு அவளிடம் யாரும் “ஏன்?” என்று கேட்கவில்லை. நாற்பது பிள்ளைகளும் திரையைப் பார்த்தார்கள், அடுத்த பீரியடுக்கு மணி அடித்தது. அவ்வளவுதான்.

இந்த வாரம் நாம் பேசப்போவது அந்த ‘ஏன்?’ பற்றித்தான். அதாவது, பிளெண்டட் லேர்னிங் எனப்படும் கலப்புக் கற்றல் பற்றி.

வீடியோ போட்டால் அது கலப்புக் கற்றலா?

இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வீடியோவைப் போடுவது, கரும்பலகைக்குப் பதிலாகத் திரையை வைப்பது மட்டும்தான். புரியாத பிள்ளை அங்கே பின்னால் போய் இன்னொரு முறை பார்க்க முடியாது. புரிந்த பிள்ளை முன்னால் போகவும் முடியாது.

கலப்புக் கற்றலில் பாடத்தின் ஒரு பகுதியைத் திரையின் வழியாக, பிள்ளை தன் வேகத்தில் கற்றுக்கொள்கிறது. இன்னொரு பகுதியை ஆசிரியருடன் உட்கார்ந்து செய்கிறது. முதல் பகுதியில் எங்கே தடுக்கியதோ, அங்கிருந்துதான் இரண்டாவது பகுதி ஆரம்பிக்க வேண்டும். இந்த இணைப்பு இல்லாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த போர்டாக இருந்தாலும் அது ஒரு பெரிய டிவிதான்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. கொலராடோ மாநிலத்தில் உட்லேண்ட் பார்க் என்ற ஊரின் பள்ளியில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்று இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களின் மாணவர்கள் பலர் விளையாட்டுப் போட்டிகளுக்காக அடிக்கடி வெளியூர் போய்விடுவார்கள். வகுப்பைத் தவறவிட்டவர்களுக்காக, 2007-ல் இருவரும் பாடங்களைப் பதிவுசெய்து இணையத்தில் போட ஆரம்பித்தார்கள். பிறகு, ‘எல்லோருமே பாடத்தை வீட்டில் கேட்டுவிட்டு வரட்டும், வீட்டுப்பாடத்தை வகுப்பில் செய்யலாம்’ என்று முறையையே திருப்பிப் போட்டார்கள். இதுதான் இன்று ‘ஃப்ளிப்டு கிளாஸ்ரூம்’ என்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கேமராவை அல்ல. பாடத்தைக் கேட்கும்போது ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. கணக்கைப் போட உட்கார்ந்து, பாதியில் மாட்டிக்கொண்டு பேனாவைக் கடிக்கும்போதுதான் தேவைப்படுகிறார். ஆனால் வழக்கமான முறையில் அந்த நேரத்தில் பிள்ளை வீட்டில் தனியாக இருக்கும். அந்த இடத்தைத்தான் அவர்கள் மாற்றினார்கள்.

நம்மிடம் என்னவெல்லாம் இருக்கிறது?

தமிழ்நாட்டில் பொருட்களுக்குப் பஞ்சம் இல்லை. 2018-ல் புதிய பாடத்திட்டம் வந்தபோதே பாடப்புத்தகங்களில் க்யூ.ஆர் கோடு இடம்பெற்றது. அதை ஸ்கேன் செய்தால் ‘திக்‌ஷா’ தளத்தில் அந்தப் பாடத்துக்கான வீடியோவும் பயிற்சிகளும் வரும். 2019 ஆகஸ்ட்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023-ல் மணற்கேணி செயலி வந்தது. அரசு நடுநிலை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் எனப்படும் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள், தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு டேப்லெட் என்று பட்டியல் நீள்கிறது.

பெரிய வகுப்புக் கணக்கு, அறிவியல் புத்தகங்களில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பெட்டி இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? நான் படித்த காலத்தில் இதெல்லாம் இல்லை. ஜியோஜீப்ரா, ஃபெட் போன்ற இலவசத் தளங்களுக்கு அது வழிகாட்டுகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் பல செயல்பாடுகளைத் தமிழிலேயே செய்து பார்க்கலாம். மின்சுற்றில் மின்தடையை மாற்றினால் மின்னோட்டம் என்ன ஆகிறது என்று விரலால் இழுத்து இழுத்துப் பார்க்கலாம். ஷாக் அடிக்காது, பல்பும் பியூஸ் போகாது!

ஆக, கேள்வி ‘இருக்கிறதா?’ என்பது இல்லை. ‘எப்படிப் பயன்படுகிறது?’ என்பதுதான்.

பெருவும் டெல்லியும்

தென் அமெரிக்காவின் பெரு நாடு, ‘ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்’ திட்டத்தில் பல லட்சம் லேப்டாப்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. கிராமப்புறத்தில் 319 பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்தார்கள். 2012-ல் வெளியான அதன் முடிவு, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்றது. கருவி கைக்கு வந்தது, ஆனால் பாடம் நடத்தும் முறை மாறவில்லை.

இன்னொரு ஆய்வு நம் நாட்டுத் தலைநகரில் நடந்தது. டெல்லியில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்குப் பிறகு ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருளைக் கொண்டு வகுப்பு நடத்தினார்கள். இடம் குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டது. முதலில் தெரியவந்த விஷயமே அதிர்ச்சிதான். ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். அவர்களிடம் ஆறாம் வகுப்புப் பாடத்தை எவ்வளவு அழகான வீடியோவில் காட்டினாலும் என்ன பயன்?

அங்கே தினமும் 45 நிமிடம் கம்ப்யூட்டர். அந்த மென்பொருள் பிள்ளைக்குத் தெரிந்த இடத்தில் இருந்து ஆரம்பித்தது. அடுத்த 45 நிமிடம் பன்னிரண்டு, பதினைந்து பேர் கொண்ட சின்னக் குழுவாக ஆசிரியருடன். நாலரை மாதத்தில், குலுக்கலில் இடம் கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்கள் கணக்கிலும் இந்தியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய மூவரும் செய்த இந்த ஆய்வு 2019-ல் வெளியானது.

ஓரிடத்தில் கருவியை மட்டும் கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற பாடமும் பக்கத்தில் ஓர் ஆசிரியரும் சேர்ந்து கிடைத்தார்கள்.

ஒரு பீரியடில் இது சாத்தியமா?

நாற்பது நிமிடம், முப்பத்தாறு பிள்ளைகள், ஒரே ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். அதே பின்னப் பாடம். முதல் நான்கு நிமிடம் ஆசிரியர் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதுகிறார்: ‘1/3, 1/4 எது பெரியது? ஏன்?’ எல்லோரும் நோட்டில் பதில் எழுத வேண்டும். ஒரு சுற்று வந்தாலே யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று தெரிந்துவிடும்.

பிறகு மூன்று குழு. ஒரு குழு திரையில் பயிற்சி செய்கிறது. இன்னொரு குழு காகிதப் பட்டையை மடித்துப் பங்கு பிரிக்கிறது. பதிலைத் தப்பாக எழுதிய பன்னிரண்டு பேர் முதலில் ஆசிரியரைச் சுற்றி உட்காருகிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குழுக்கள் இடம் மாறுகின்றன. கடைசி ஐந்து நிமிடம் மறுபடியும் அதேபோல் இன்னொரு கேள்வி.

திரை இங்கே என்ன வேலை செய்தது? பன்னிரண்டு பிள்ளைகளைப் பயனுள்ள வேலையில் ஈடுபடுத்தி, ஆசிரியருக்குப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது. அந்தப் பத்து நிமிடம்தான் இந்த முறையின் உண்மையான லாபம்.

சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்று ஆசிரியர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான். குழு மாறும்போது சத்தம் வரும், கரன்ட் போகும், நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். எமிஸ் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றும் வேலையே பாடம் நடத்தும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். தொழில்நுட்பம் ஆசிரியருக்கு நேரத்தைக் கொடுக்க வேண்டும். அதுவே நேரத்தைப் பிடுங்கினால், அங்கே எதுவும் கலக்காது. இந்த முறைக்குப் பயிற்சியும் தயாரிப்பு நேரமும் கொடுக்காமல், ஆசிரியர் மேல் பழி போடுவது நியாயமும் இல்லை.

வீட்டில் போன் யார் கையில்?

‘வீடியோவை வீட்டில் பார்த்துட்டு வாங்க’ என்று பள்ளி சொல்கிறது. போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டது. இரவு எட்டு மணிக்குத்தான் வரும். வந்த போனில் சார்ஜ் இருக்காது. சார்ஜ் ஏறியதும் அண்ணன் எடுத்துக்கொள்வான்.

இது கற்பனை இல்லை. கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் எடுத்த ‘அசர் 2023’ ஆய்வு, ஏறக்குறைய 90 சதவிகிதம் பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பதாகச் சொல்கிறது. ஆனால், போனைப் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 43.7 சதவிகிதம் பேருக்குச் சொந்த போன் இருக்கிறது. பெண் பிள்ளைகளில் 19.8 சதவிகிதம் பேருக்குத்தான். வீட்டில் போன் இருப்பதும், பெண் பிள்ளை கைக்கு அது வருவதும் ஒன்றல்ல.

அதனால் வீட்டில் பார்ப்பதைக் கட்டாயமாக்காமல், பள்ளிக்குள்ளேயே அதற்கு நேரம் ஒதுக்குவதுதான் நம் ஊருக்குச் சரி. ஹைடெக் லேபில் மதிய இடைவேளையில் இருபது நிமிடம் திறந்துவைத்தாலே போன் இல்லாத பிள்ளைகள் பார்த்துவிடலாம். ஆனால், அறையின் சாவி யாராவது ஒருவர் கையில் இருக்க வேண்டும், பீரோவுக்குள் இல்லை!

கொரோனா காலத்தில் திரை மட்டுமே பள்ளிக்கூடமாக இருந்ததன் விளைவையும் பார்த்துவிட்டோம். பள்ளிகள் திறந்த பிறகு தமிழகக் கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இழந்த கற்றலில் மூன்றில் இரு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தால் வந்தது என்கிறது அந்த ஆய்வு. சாயங்காலம் தெருவில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களின் வேலை அது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* ‘ஸ்மார்ட் கிளாஸ் இருக்கா?’ என்று கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். ‘வீடியோ முடிஞ்ச பிறகு என்ன செய்வீங்க? புரியாத பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?’ என்று கேளுங்கள். தனியார் பள்ளி இதற்கென்று தனிக் கட்டணம் வாங்கினால் கட்டாயம் கேளுங்கள்.

* அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். லேப் வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, போன் இல்லாத பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் அங்கே பேசலாம்.

* வீட்டில் படிப்புக்கான போன் நேரத்தைப் பிள்ளைக்கு இவ்வளவு என்று குறித்துவையுங்கள். மகளுக்கும் மகனுக்கும் அது சமமாக இருக்கட்டும். வைஃபை கிடைக்கும் இடத்தில் பாடத்தை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொண்டால் டேட்டா மிச்சம்.

* பிள்ளை வீடியோ பார்த்து முடித்ததும், ‘பார்த்துட்டியா?’ என்று கேட்காதீர்கள். ‘ஆமா’ என்ற பதிலோடு ஓடிவிடும். ‘எனக்குச் சொல்லிக்கொடு’ என்று கேளுங்கள். நீங்கள் அந்தப் பாடத்தைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. புரியாத முகத்தோடு ‘ஏன்?’ என்று கேட்டால் போதும்.

கிளம்பும்போது அக்கா மகள் வாசல்வரை வந்தாள். “சித்தி, நாளைக்கு இதை எங்க டீச்சர்கிட்ட கேக்கவா?” என்றாள். “கேளு. உன் பக்கத்துல உக்கார்ற பிள்ளைகிட்டயும் கேளு” என்றேன். மறுநாள் சாயங்காலம் அக்காவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். பெஞ்சில் இருந்த நான்கு பேரில் மூன்று பேர் ‘நாலுல ஒரு பங்கு’ என்றுதான் சொன்னார்களாம். இவள்தான் டிபன் பாக்ஸ் தோசையை எடுத்து விளக்கியிருக்கிறாள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த பீரியடில் ஸ்மார்ட் போர்டைப் போடுவதற்கு முன்னால் எல்லோரிடமும் அதே கேள்வியைக் கேட்டாராம்.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடமும் இன்று ராத்திரி கேட்டுப் பாருங்கள். பதில் சரியாக வந்தாலும் விட்டுவிடாதீர்கள். ‘ஏன்?’ என்று ஒரு முறை கேளுங்கள்.