சாவி யார் கையில்?

கட்டற்ற மென்பொருள் என்றதும், “காசில்லாமல் கிடைப்பதுதானே!” என்று சொல்லி அப்பால் நகர்ந்துவிடுவோர் நம்மிடையே பலர். விலையைப் பற்றிய பேச்சே அன்று இது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் இவ்வியக்கத்தைத் தொடங்கியபோது கோரியது, கணினியை இயக்கும் நிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் பயன்படுத்துவோர்க்கு இருக்க வேண்டிய உரிமையைத்தான்.

அவ்வுரிமை அரசியலைத் தொடும் இடம் எது? பெரு நாட்டில், அரசு அலுவலகங்கள் கட்டற்ற மென்பொருளையே கையாள வேண்டும் என்றொரு மசோதா வந்தது. மைக்ரோசாஃப்டின் அந்நாட்டு மேலாளர் 2002-இல் ஆட்சேபித்து மடல் எழுதினார். நாடாளுமன்ற உறுப்பினர் எட்கர் வில்லனுவேவா விடுத்த மறுமொழியில் சிக்கனம் முதன்மை வாதமன்று. குடிமக்கள் அரசின் தகவலைத் தடையின்றிப் பெறவேண்டும்; அத்தகவல் நிலைத்திருக்க வேண்டும்; நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு நேரலாகாது என்பவையே அவர் நாட்டிய தூண்கள். பிறப்புப் பதிவும் நிலப் பதிவும் ஒரு நிறுவனம் மட்டுமே அறிந்த வடிவத்தில் கிடக்குமாயின், அப்பதிவேட்டுக்கு உண்மையில் உடையவர் யார்? ஊர்ப் பெட்டகத்தின் சாவியை வெளியூர் வணிகரிடம் ஒப்படைத்துவிட்டு ஊராட்சி நடத்த எவரேனும் ஒப்புவரோ?

ஜெர்மனியின் மியூனிக் மாநகர மன்றம் 2003-இல் லினக்சுக்கு மாறத் தீர்மானித்தது. தீர்மானத்தைத் தடுக்க மைக்ரோசாஃப்டின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மரே விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு மேயரைக் காண விரைந்தார். ஒரு நகரத்தின் வாணிபம் போகிறதே என்பதற்காகவா இத்தனை பதற்றம்? பிற நகரங்களும் இவ்வழியைக் கண்டுகொள்ளுமே என்பதற்காகத்தான்! 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறின. மேயர் மாறிய பின், 2017-இல் அதே மன்றம் விண்டோசுக்குத் திரும்ப வாக்களித்தது.

இதைக் காட்டி, “பார்த்தீர்களா, தோற்றுவிட்டது!” என்கின்றனர் எதிர்ப்போர். மன்றத்தின் வாக்கெடுப்பை நிரலின் தோல்வி என்பது எவ்வகை நியாயம்? நிரல் திறந்தால் போதும், ஏகபோகம் தானே சரியும் என்று முழங்கும் அன்பர்களையும் ஒன்று கேட்பேன். கோடிக்கணக்கானோர் கையிலுள்ள ஆண்ட்ராய்டு லினக்சின் கருவைக் கொண்டே இயங்குகிறது. அதனால் அவர்களுக்கு வந்த அதிகாரம் என்ன? கூகுளின் செயலிக் கடையும் சேவைகளும் இன்றளவும் பூட்டிய அறைகளே. உரிமத்தில் எழுதிய உரிமையை அரசும் மக்களும் கேட்டு வாங்காதவரை, உழைப்பு பொதுவாகவும் ஊதியம் தனியாகவுமே போய்ச்சேரும்.

மியூனிக்கில் 2020-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அமைந்த கூட்டணி, இயன்றவிடத்தெல்லாம் திறந்த நிரல்களையே கையாள்வதென மீண்டும் உடன்பட்டது.