புது பாய்லர் வந்தாச்சு, சூடு எங்கப்பா?

போன நவம்பர்ல எங்க வீட்டுக்கு புது பாய்லர் மாட்டினாங்க மக்களே. லீட்ஸ்ல நாலு பசங்க பங்கு போட்டு இருக்கிற பழைய வாடகை வீடு. மாட்ட வந்தவர் காலைல வந்தார், சாயங்காலம் கிளம்பிட்டார். கையேடு ஓனர் கைக்குப் போச்சு. எங்களுக்கு கிடைச்சது கட்டை விரல் மட்டும்.

மூணாவது நாள் ராத்திரி என் ரூம் ரேடியேட்டர் அடியில கொதிக்குது, மேல சில்லுனு இருக்கு. ஓனருக்கு போன் போட்டா, "புது பாய்லர்ல எப்படி கோளாறு வரும்?"ங்கறார். அவர் சொன்னது சரிதான், பாய்லர்ல கோளாறு இல்லை. வேலைதான் பாதியில நின்னு போச்சு.

பாய்லர் மாத்தும்போது ரேடியேட்டர் தண்ணியை வடிச்சுட்டு புதுசா நிரப்பறாங்க. கூடவே காத்தும் உள்ள போயிடுது. அது ரேடியேட்டர் உச்சியில போய் உக்காந்துக்கும். ஹீட்டிங்கை அணைச்சு ஆறவிட்டு, துணியைப் பிடிச்சுக்கிட்டு, அதுக்குன்னு இருக்கிற குட்டி சாவியால மூலை திருகை லேசா திருப்பினா உஸ்ஸுனு காத்து போகும். தண்ணி எட்டிப் பார்த்ததும் மூடிடணும். அவ்ளோதான்!

அதை நானே செஞ்சுட்டு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன். மறுநாள் காலைல பாய்லரே நின்னு போச்சு :-( சுடுதண்ணியும் இல்லை. காத்து வெளியே போனா பிரஷர் இறங்கத்தானே செய்யும்? ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருக்கணும், எங்களுது 0.4. பாய்லருக்கு அடியில இருக்கிற நிரப்புற வால்வை மெதுவா திறந்து, முள் ஏறினதும் மூடினா போதும். இது தெரியாம நாலு பேரும் ரெண்டு நாள் கெட்டில்ல தண்ணி காய்ச்சி குளிச்சோம். ஊர்ல கீசர் ஸ்விட்சைத் தட்டிப் பழகின கூட்டம், வேற என்ன பண்ணும்?

நிரப்பின பிறகும் பிரஷர் அடிக்கடி இறங்குதுன்னா அது காத்து இல்லை. எங்கேயோ ஒழுகுது, இல்லேன்னா எக்ஸ்பான்ஷன் வெசல்ல பிரச்சினை. அங்க நம்ம வீரத்தைக் காட்டக் கூடாது. கேஸ் சம்பந்தப்பட்ட வேலைக்கு கேஸ் சேஃப்ல பதிவு பண்ணின ஆள்தான் வரணும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது மக்களே.

எனக்கு நிஜமா கோபம் வந்தது கேஸ் பில் பார்த்தப்பதான். ரேடியேட்டருக்குப் போற தண்ணியை 80 டிகிரியில வெச்சுட்டுப் போயிருக்கார் மனுஷன். இது கண்டென்சிங் பாய்லர். புகையில இருக்கிற நீராவியைக் குளிர வெச்சு அந்த சூட்டையும் பிடிச்சுக்கறதுதான் இதோட பெருமையே. அதுக்கு ரேடியேட்டரைச் சுத்தித் திரும்பி வர்ற தண்ணி ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழ இருக்கணும். 80ல அனுப்பினா எங்கிருந்து இறங்கும்? இப்போ 60ல வெச்சிருக்கோம். வீடு சூடாக கொஞ்சம் நேரம் எடுக்குது, ஆனா சூடாகுது.

இங்கிலாந்து கட்டட விதிகள் 2010ல 40வது விதி என்ன சொல்லுதுன்னா, இந்த மாதிரி வேலை செஞ்சவர், எரிபொருள் வீணாகாம எப்படி இயக்கறதுன்னு கட்டடத்தோட உரிமையாளருக்கு விவரம் குடுக்கணும். உரிமையாளருக்கு! பில் கட்டறவனுக்கு இல்லை, குளிர்ல நடுங்கறவனுக்கும் இல்லை. வருஷா வருஷம் கேஸ் பாதுகாப்பு சோதனை நடத்தி, அந்தச் சான்றிதழ்ல ஒரு பிரதியை குடியிருக்கிறவனுக்கும் தரணும்னு சட்டம் இருக்கு. அதே மாதிரி இதையும் எங்க கையில குடுத்தா என்ன குறைஞ்சு போகும்? சாவி எங்கே, வால்வ் எது, முள் எங்க நிக்கணும், சூட்டை எப்படி குறைக்கணும். பத்து நிமிஷ வேலைங்க.

சாதிக்கணும்னே ஓனர்கிட்ட கேட்டு கையேட்டை வாங்கிட்டேன். இப்போ பாய்லர் பக்கத்து அலமாரிக் கதவுல ஒட்டின ஒரு தாள்ல நாலு வரி எழுதி வெச்சிருக்கு. ஜூன்ல நாங்க காலி பண்ணினாலும் அது அங்கேயே இருக்கும்.