டிங்கிளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

அயர்லாந்து என்றால் ஒரு காலத்தில் நமக்கு அருட்கன்னியர் வந்த நாடு. இன்றோ அது நம் வீட்டுப் பெண்கள் செவிலியராகப் பணிபுரியச் செல்லும் நாடாகவும் ஆகிவிட்டது. மகளையோ அக்காவையோ காணப் போகும் குடும்பத்தார், "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டே போகலாம்" என்று எண்ணுவது இயல்பே. உடனே ஒரு பட்டியல் தயாராகிறது. முதல் நாள் டப்ளின் நகரம், மறுநாள் மோஹர் செங்குத்துப் பாறைகள், அதற்கு மறுநாள் கில்லார்னி ஏரிகள், அன்று மாலையே டிங்கிள், விடிந்தால் கால்வே! ஏழு நாட்களில் பத்துப் பதினைந்து ஊர்கள். ஊர் திரும்பியபின் கைப்பேசியில் ஆயிரம் படங்கள் இருக்கும். எது எந்த ஊர் என்று கேட்டால் அப்பா ஒன்று சொல்வார், அம்மா வேறொன்று சொல்வார்.

தோழியரே, இத்தகைய பட்டியலுக்கு நான் எதிரி. அயர்லாந்தின் கடற்கரையைக் காண ஒரு வாரம் கிடைக்குமானால், அந்த ஒரு வாரத்தையும் டிங்கிள் தீபகற்பத்திலேயே செலவிட வேண்டும். அதுவும் அங்கே பேசப்படும் மொழியை மனத்தில் கொண்டு பயணத்தைத் திட்டமிட வேண்டும் என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன். உடன்படாதவர்கள் அடுத்த ஆண்டு மலரில் மறுப்பு எழுதலாம்.

தென்மேற்கே கெர்ரி மாவட்டத்திலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீட்டிய விரல் போன்றது இத்தீபகற்பம். நடுவே 952 மீட்டர் உயரமுள்ள பிராண்டன் மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கும். கானர் கணவாய்ப் பாதை மிகக் குறுகலானது. பேருந்து முதலிய பெரிய வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. மேற்கு முனையில் ஸ்லே ஹெட் என்னும் கடல்முனை. சாலையோர வேலிகளிலெல்லாம் சிவந்த ஃபியூஷியா மலர்கள் தொங்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய செடி அது. ஆனாலும் ஐரிஷ் மக்கள் அதற்குத் தம் மொழியில் இட்ட பெயரின் பொருள் "கடவுளின் கண்ணீர்த் துளிகள்". கல்லரஸ் என்னுமிடத்தில் சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிக் கட்டிய பழைய செபக்கூடம் ஒன்று, கவிழ்த்து வைத்த தோணியைப் போல நிற்கிறது. அது எந்த நூற்றாண்டினது என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மழை மட்டும் அதைப் பற்றிக் கவலைப்படாமல் பெய்து வழிந்துகொண்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரு பேருந்து அரை நாளில் சுற்றிக் காட்டிவிடும். பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள். அப்படிப் பார்ப்பவர்களின் காதில் விழாமல் போவது ஒன்று உண்டு. அத்தீபகற்பத்தின் மேற்குப் பகுதி "கேல்டாக்ட்" எனப்படும் ஐரிஷ் மொழி வட்டாரங்களுள் ஒன்று. அயர்லாந்தின் அரசியல் சட்டப்படி ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி. 2022ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 18.7 லட்சம் பேர். பள்ளிக்கூடத்திற்கு வெளியே நாள்தோறும் அதைப் பேசுகிறவர்களோ சுமார் 72,000 பேர் மட்டுமே! ஒரு மொழி அரசாங்கத்தின் ஆதரவையும் பாடநூலையும் தேர்வையும் பெற்றிருந்தும், வீட்டு அடுப்பங்கரையை இழந்துவிட்டால் எந்நிலைக்கு வரும் என்பதை இவ்விரண்டு எண்களும் காட்டுகின்றன. அம்மொழி இன்னும் அடுப்பங்கரையிலும் மீன்துறையிலும் உயிரோடிருக்கும் சில இடங்களுள் டிங்கிளின் மேற்குக் கரை ஒன்று.

அது எப்படித் தேய்ந்தது? 1831இல் ஆங்கில ஆட்சி ஏற்படுத்திய தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஐரிஷ் பேசிய ஏழை மக்களே மிகுதியாக மாண்டனர், மிகுதியாகக் கப்பலேறினர். அமெரிக்காவில் பிழைக்க ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோரே விரும்பினார்கள். பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, ஐரிஷ் சொல் வாயில் வந்தபோதெல்லாம் அதில் ஒரு வெட்டுப் போட்டு, மாலையில் வெட்டுகளை எண்ணி அடிக்கும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. (தமிழில் பேசியதற்காகப் பள்ளியில் அபராதம் கட்டிய தோழியர் எவரேனும் இதைப் படித்தால், அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.)

டிங்கிளுக்கு மேற்கே டன்குவின் என்றொரு சிற்றூர். ஐரிஷில் டூன் கீன். 1969இல் டேவிட் லீன் என்ற புகழ்பெற்ற இயக்குநர் "ரயன்ஸ் டாட்டர்" என்னும் திரைப்படத்தை எடுக்க இங்கே வந்தார். படத்திற்காக மலைச்சரிவில் கல்லால் ஒரு முழுக் கிராமமே கட்டினார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் அதை இடித்துவிட்டார்கள். கடலோரம் வேறோரிடத்தில் கட்டிய பள்ளிக்கூடக் கட்டடம் மட்டும் மிஞ்சிப் பாழடைந்து நிற்கிறது. 1970இல் படம் வெளிவந்தது. உலகெங்குமிருந்து பயணிகள் வரத் தொடங்கினார்கள்.

அதே 1970இல்தான் டன்குவினின் உண்மையான பள்ளிக்கூடத்தை, பிள்ளைகள் குறைவு என்று சொல்லி, அரசாங்கம் மூடியது. ஐரிஷ் மொழியில் நடந்த பள்ளி அது. ஊரார் விடவில்லை. பள்ளி போனால் இளங்குடும்பங்கள் போகும், குடும்பங்கள் போனால் மொழி போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். போராடினார்கள், டப்ளின் வரை சென்று குரல் எழுப்பினார்கள். 1973இல் ஆட்சி மாறியதும் பள்ளி மீண்டும் திறக்கப்பட்டது.

இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்று ஒரு பிள்ளையும் படித்திராத, திரைப்படத்திற்காகக் கட்டிய கூரையற்ற சுவர். மற்றொன்று ஓர் ஊரே போராடிக் காத்த பள்ளி. பயணிகள் எதைத் தேடிப் போய்ப் படம் எடுக்கிறார்கள் தெரியுமா? முதலாவதைத்தான். வழிகேட்டு மேடேறிப் போகிறார்கள்! என்னைக் கேட்டால், டன்குவின் வழியாகப் போகிறவர்கள் அந்த இரண்டாவது பள்ளியின் கதையைத் தெரிந்துகொண்டு போகட்டும். பள்ளிக்குள் நுழைந்து பிள்ளைகளைத் தொந்தரவு செய்யச் சொல்லவில்லை. சாலையில் நின்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும்.

டன்குவினுக்கு எதிரே கடலில் கிடக்கின்றன பிளாஸ்கெட் தீவுகள். அவற்றுள் பெரிய தீவில் ஒரு காலத்தில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தார்கள். மரச்சட்டத்தின்மேல் கித்தான் துணி போர்த்தித் தார் பூசிய மெல்லிய படகுகளில் மீன் பிடித்தார்கள். கடையில்லை, மருத்துவர் இல்லை. அந்தச் சின்னஞ்சிறு தீவு மூன்று பெரும் நூல்களைத் தந்தது. தொமாஸ் ஓ கிரோகன் என்ற மீனவர் தம் மொழியை எழுதப் படிக்கப் பெரியவரான பிறகே கற்று, தம் வாழ்க்கையை எழுதினார். 1929இல் நூலாக வந்தது. 1933இல் மாரிஸ் ஓ சல்லிவன் தம் இளமைக் கதையை வெளியிட்டார். பெக் சேயர்ஸ் என்ற மூதாட்டி சொல்லச் சொல்ல அவர் மகன் எழுதிய நூல் 1936இல் வந்தது. அந்நூலை அயர்லாந்துப் பள்ளிகளில் பல்லாண்டுகள் பாடமாக வைத்தார்கள்; பிள்ளைகள் அதைக் கண்டாலே முகம் சுளித்தார்கள் என்று கேள்வி. பாட்டி முற்றத்தில் அமர்ந்து சொன்னால் கேட்டிருப்பார்கள்; ஐந்து மதிப்பெண் வினாவாக வந்ததும் கசந்துவிட்டது போலும்!

இளைஞர்கள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். 1947இல் புயலால் கடல் அடைபட்டிருந்த வேளையில் ஓர் இளைஞன் மருத்துவ உதவியின்றி இறந்தான். தீவினர் மனம் உடைந்தது. 1953 நவம்பரில், எஞ்சியிருந்த இருபது சொச்சம் பேரும் கரைக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று அங்கே கூரையில்லாத வீடுகளும் கடல்நாய்களும் முயல்களும் இருக்கின்றன. கோடையில் படகு போகிறது. கரையில், டன்குவினில், 1993இல் திறந்த அருமையான நினைவு நிலையம் ஒன்றும் உண்டு.

நான் சுற்றுலாவுக்கு எதிரி அல்ல. டிங்கிள் ஊருக்குச் சோறு போடுவதில் பெரும்பங்கு சுற்றுலாவினுடையதே. 1983 முதல் அத்துறைமுகத்தில் ஃபங்கி என்ற ஒற்றை டால்பின் வாழ்ந்தது. அதைக் காட்டியே பல படகோட்டிகள் பிழைத்தார்கள். 2020 அக்டோபருக்குப் பிறகு அது காணப்படவில்லை. ஊர்ப்பெயரைக் குறித்தும் ஒரு வழக்கு நடந்தது. 2005இல் கேல்டாக்ட் ஊர்களின் ஆங்கிலப் பெயர்களுக்குச் சட்ட மதிப்பு நீங்கியபோது, "டிங்கிள்" மறைந்து "அன் டாங்கன்" மட்டும் பலகையில் நின்றது. பயணிகள் வழி தெரியாமல் போய்விடுவார்கள் என்று ஊரார் கொதித்தார்கள். சிலர் பலகையில் தாங்களே "டிங்கிள்" என்று ஒட்டினார்கள். 2006 வாக்கெடுப்பில் மிகப் பெரும்பாலோர் இரண்டு பெயரும் வேண்டும் என்றனர். 2011இல் சட்டம் அதை ஏற்றது. மொழி ஆர்வலர்களுக்கு வருத்தம். ஆனால் கடை வைத்திருப்பவனின் அச்சத்தை வெறும் பேராசை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பிழைப்பு இல்லாத ஊரில் எந்த மொழியும் தங்காது.

அதே பிழைப்பு மொழியைத் தின்னவும் கூடும். ஊர் முழுதும் விடுமுறை வீடுகளாக மாறினால், குளிர்காலத்தில் விளக்கெரியாத வீடுகள் பெருகும். அங்கே பிறந்து வளர்ந்த இளம் தம்பதியருக்குக் குடியிருக்க வீடு கிடைக்காது. டிங்கிள் வட்டாரத்தில் இன்று பெரிதாகப் பேசப்படும் குறை இதுவே. ஆகையால்தான் எப்படிப் போகிறோம் என்பது முக்கியமாகிறது.

முதலாவது, தங்குமிடம். ஆளில்லாத வாடகை வீட்டைப் பிடிக்காமல், ஊர்க் குடும்பத்தார் தாமே நடத்தும் விருந்தினர் இல்லத்தில் தங்குங்கள். காலையில் தேநீரும் பழுப்பு ரொட்டியும் கொண்டுவந்து வைக்கும் அம்மையாரிடம் நான்கு வார்த்தை பேசலாம். தேநீர் விஷயத்தில் அவர்கள் நமக்கு இளைத்தவர்கள் அல்லர். கோடைதோறும் அயர்லாந்தின் நகரத்துப் பிள்ளைகள் இப்படித்தான் கேல்டாக்ட் ஊர்களுக்கு வந்து, மூன்று வாரம் வீடுகளில் தங்கி, ஐரிஷ் மட்டுமே பேசி, மாலையில் கூட்டு நடனம் ஆடிக் கற்கிறார்கள். நமக்கு மூன்று வாரம் இல்லை. மூன்று சொற்றொடராவது கற்கலாமே. "டீயா குவிட்" என்பது அவர்களின் வணக்கம். "கடவுள் உம்மோடு" என்று பொருள். பதிலுக்கு அவர்கள், "கடவுளும் மரியாளும் உம்மோடு" என்பார்கள். நன்றிக்கு "குரமஹகுத்". உச்சரிப்புத் தவறினால் சிரிப்பார்கள், ஆனால் மகிழ்வார்கள்.

வரைபடம் வாங்கும்போது இரு மொழியிலும் பெயர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கேல்டாக்ட் சாலைப் பலகைகளில் ஐரிஷ்தான் இருக்கும். வண்டி ஓட்டுவது நம்மைப் போல இடப்புறமே. ஓட்டத் தெரியாதவர்கள் டப்ளினிலிருந்து டிராலி வரை இரயிலிலும் அங்கிருந்து பேருந்திலும் போகலாம். அயர்லாந்து ஷெங்கன் நாடுகளில் சேராதது. விசா தனியே வாங்க வேண்டும். சூலை, ஆகஸ்டு மாதங்களில் கூட்டம் மிகுதி. மே அல்லது செப்டம்பர் நல்லது. மே இறுதியில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். எந்த மாதமானாலும் மழைச்சட்டை வேண்டும். குடையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

நம் அருட்சகோதரியர் ஆர்வம் கொள்ளத்தக்க ஒன்றும் டிங்கிளில் உண்டு. நேனோ நேகிள் அம்மையார் 1775இல் கார்க் நகரில் தொடங்கிய பிரசன்டேஷன் சபையினர் 1829இல் இவ்வூருக்கு வந்து ஏழைப் பெண்களுக்குக் கற்பித்தார்கள். அதே சபையினர்தாம் 1842இல் கடல்கடந்து சென்னைக்கு வந்தவர்கள். டிங்கிள் மடத்தின் சிற்றாலயத்திற்கு 1924இல் ஹாரி கிளார்க் செய்தளித்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. மழை பெய்யும் நாளுக்கு இதை ஒதுக்கி வையுங்கள்.

"ஒரே இடத்தில் ஏழு நாளா? பிள்ளைகளுக்குச் சலித்துவிடாதா?" என்று பெற்றோர் கேட்பார்கள். பிளாஸ்கெட் படகையே எடுத்துக்கொள்ளுங்கள். அலை உயர்ந்தால் படகு விடமாட்டார்கள். அரை நாள் பேருந்தில் வந்தவர்கள் கரையிலிருந்தே தீவைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டியதுதான். வாரம் முழுதும் தங்குகிற குடும்பமோ அன்று நினைவு நிலையத்தில் அந்த மூன்று நூல்களின் கதையைக் கேட்டுவிட்டு, மாலையில் எங்கேனும் பிடிலும் காண்செர்ட்டினாவும் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, மறுநாள் காலை மறுபடியும் துறைக்குப் போய்ப் படகு உண்டா என்று விசாரிக்கலாம்.