எண்பலகையை நாமே செய்வோம்

மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்

கபடியில் தோற்பது பெரிதன்று. எத்தனை புள்ளியில் தோற்றோம் என்று தெரியாமல் தோற்பதே துன்பம். சென்ற ஆண்டு துறைகளுக்கிடையே நடந்த ஆட்டத்தை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதிய புள்ளியை யாரோ கையால் அழித்துவிட்டார். 'லோனா'வுக்குரிய இரண்டு புள்ளிகள் சேர்க்கப்பட்டனவா, இல்லையா? ஆட்டம் நாற்பது நிமிடம். வழக்கோ விளக்கு வைக்கும் நேரம் வரை நீண்டது. அன்றிரவே நாங்கள் நால்வர், விளக்கெரியும் எண்பலகை ஒன்றை நாமே செய்வதென்று முடிவு செய்தோம்.

"கடையில் கிடைப்பதை வாங்கினால் என்ன?" என்றனர் சிலர். "இது கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரியன்று" என்றனர் வேறு சிலர். இரண்டு கூற்றையும் நான் மறுக்கிறேன்.

நாம் வாழும் இடத்தை எண்ணிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் கார்ப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 1998-இல் இங்குள்ள தொழிற்சாலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. அருகே திருப்பெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை கைப்பேசிகள் கோடிக்கணக்கில் உருவாயின. இன்றும் விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் நம் அண்ணன்மாரையும் அக்காமாரையும் ஏற்றிச் செல்கின்றன. என் அக்காவும் அவர்களுள் ஒருவர். நாள் முழுவதும் ஒரு பலகையில் ஒரே உறுப்பைப் பொருத்துவது அவர் வேலை. "அந்த உறுப்பு என்ன செய்கிறது அக்கா?" என்று கேட்டேன். "அது எனக்கெதற்குடா? இடம் மாறாமல் வைத்தால் போதும்" என்று சிரித்தார். அச்சிரிப்பு என்னை விட்டு அகலவில்லை. மின்னணுப் பொருள்கள் குவியும் மண்ணில் பிறந்தும், அவற்றின் உள்ளம் அறியாதவர்களாகவே நாம் இருந்துவிடுவதா?

எண்பலகையின் உள்ளே இருப்பது நம் பாடநூலில் உள்ளதே. எட்டு என்னும் எண்ணை ஏழு கோடுகளால் எழுதலாம். சில கோடுகளை அணைத்தால் மற்ற எண்கள் வரும். கோட்டுக்கு நான்கு சிவப்பு எல்.இ.டி. விளக்குகளைத் தொடராக இணைத்தோம். விளக்கொன்றுக்கு ஏறத்தாழ 2 வோல்ட் வீதம் 8 வோல்ட், இயக்கும் ஐ.சி. 1 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட்டில் மீதி 3. மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர் வேண்டுமெனில் மின்தடை 150 ஓம். முதலாண்டில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த ஓம் விதி, அன்றுதான் எனக்குப் புரிந்தது! அணிக்கு இரண்டு இலக்கமாக நான்கு இலக்கங்கள். மொத்தம் 112 விளக்குகள். சென்னை ரிச்சி தெருவில் எல்லாம் கிடைத்தன. பற்றவைப்பதில் எங்கள் நால்வரையும்விட அக்காவின் கையே திருத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே எங்கள் ஆசான்.

தவறுகளும் நேர்ந்தன. அவையே பெரும் பாடங்கள். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் புள்ளி மூன்று ஏறியது! பொத்தானின் உலோகத் தகடுகள் சேரும்போது சில மில்லி விநாடிகள் துள்ளுகின்றன. மின்சுற்று ஒவ்வொரு துள்ளலையும் ஓர் அழுத்தலாக எண்ணிவிடுகிறது. ஒரு மின்தடையும், ஒரு மின்தேக்கியும், 'ஸ்மிட்' சுற்றும் சேர்த்து அதனை அடக்கினோம். முதலில் வாங்கிய 4026 என்னும் ஐ.சி. ஏறுமுகமாக மட்டுமே எண்ணும். நடுவர் தம் தீர்ப்பை மாற்றிப் புள்ளியைத் திரும்பப் பெற்றால் என் செய்வது? ஆகவே ஏறவும் இறங்கவும் எண்ணும் 4510-க்கு மாறினோம். அதன் எண்ணை ஏழு கோடாக்கும் 4511 காட்டிய ஆறுக்குத் தலைக்கோடு இல்லை. ஒன்பதுக்கு அடிக்கோடு இல்லை. தமிழ்த்துறை நண்பர்கள் கேலி செய்தனர். எண்ணைப் படிப்பதில் குழப்பமில்லை என்பதால் விட்டுவிட்டோம்.

பெரியோர் செய்த பலகையும் தவறியதுண்டு. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியச் சிறுமி நாடியா கோமனேச்சி ஜிம்னாஸ்டிக்ஸில் பத்துக்குப் பத்து பெற்றபோது, எண்பலகை 1.00 என்று காட்டியது. 10.00 என்று காட்ட அதில் இடமில்லை. அத்தகைய நிறைவை எவரும் எதிர்பார்க்கவில்லை. கருவி, செய்தவன் எண்ணியதை மட்டுமே காட்டும். வாங்கியவனுக்கு அந்த எல்லை தெரியாது, செய்தவனுக்குத் தெரியும். அதனாலேதான் செய்து பழக வேண்டும் என்கிறேன்.

எங்கள் பலகை குறையற்றதன்று. நண்பகல் வெயிலில் விளக்குகள் மங்கும். பந்தலின் கீழ்தான் வைக்க வேண்டும். மாநிலப் போட்டி நடத்தினால் தக்க பலகையை வாங்கத்தான் வேண்டும். எங்கள் 'அறிவு' அக்கடைப் பலகைக்குப் போட்டியன்று. ஆனால் அது பழுதானால் அடுத்த ஆண்டு மாணவர் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், முப்பது விநாடி 'ரெய்டு' காட்டும் கடிகாரத்தை அதில் சேர்க்கலாம்.

ஆகவே, பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைகளில் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிடுங்கள். விளையாட்டு நிதியில் சிறு தொகை ஒதுக்குங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். நம் செய்முறை ஏட்டில் உள்ளது திடலுக்காவது உதவட்டுமே!

பலகை முதன்முதலில் எரிந்த மாலை, அக்கா நெடுநேரம் அதனருகே நின்றார். பிறகு ஓர் ஐ.சி.யைத் தொட்டுக் காட்டி, "இதுதான் எண்ணுகிறதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இதைச் செய்திருக்கலாம் என்று தோன்றியது. அக்கேள்வி நம் கல்லூரியிலும் எழ வேண்டும். முயல்வோம், நண்பர்களே!