வட்டத்திற்கு வெளியே நிற்பவர் யார்?

எண்ணையும் எழுத்தையும் மனிதரின் இரு கண்களாகக் கண்டார் திருவள்ளுவர். எழுத்து என்னும் கண்ணை நாம் ஓரளவு பேணுகிறோம். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி என்று அதற்கு விழா எடுக்கிறோம். எண் என்னும் கண்ணையோ தேர்வு முடிந்த மறுநாளே மூடிவிடுகிறோம். ஒன்பதாம் வகுப்பில் நாம் படித்த ‘கணமொழி’ப் பாடமே இதற்குச் சான்று. இரண்டு கணங்களைக் கூட்டு, வெட்டைக் கழி, விடையை எழுது என்று மனப்பாடம் செய்தோம். எதற்காகக் கழிக்கிறோம் என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். நம் இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சிற்றூர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே 65 சதவீதக் குடும்பங்கள் மீன் பிடிக்கின்றன. 50 சதவீதக் குடும்பங்கள் கடற்பாசி எடுக்கின்றன. 10 சதவீதக் குடும்பங்களுக்கு இவ்விரண்டு தொழிலும் இல்லை. இரண்டையும் செய்யும் குடும்பங்கள் 50 என்றால், ஊரில் உள்ள மொத்தக் குடும்பங்கள் எத்தனை?

65-ஐயும் 50-ஐயும் கூட்டினால் 115 வருகிறது. நூற்றுக்கு நூற்றுப் பதினைந்து எப்படி வரும்? சிலரை நாம் இருமுறை எண்ணிவிட்டோம் என்பதே அதன் பொருள். இரண்டும் இல்லாத 10 சதவீதத்தை விலக்கினால், ஏதேனும் ஒரு தொழிலாவது உள்ளவர்கள் 90 சதவீதம். 115-லிருந்து 90-ஐக் கழித்தால் கிடைக்கும் 25 சதவீதமே இரண்டு தொழிலும் உள்ளவர்கள். 25 சதவீதம் 50 குடும்பங்கள் என்றால், 100 சதவீதம் 200 குடும்பங்கள். மீன்பிடி மட்டும் செய்வோர் 80, பாசி மட்டும் எடுப்போர் 50, இரண்டும் செய்வோர் 50, இரண்டும் இல்லாதோர் 20. கூட்டிப் பார்த்தால் 200 சரியாக வருகிறது.

அந்த 10 சதவீதத்தைக் கேள்வியில் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகும்? இரண்டும் செய்வோர் குறைந்தது 15 சதவீதம், அதிகம் போனால் 50 சதவீதம் என்று மட்டுமே சொல்ல முடியும்; உறுதியான விடை கிடைக்காது. “எல்லோரும் ஏதாவது ஒன்றில் இருப்பார்கள்” என்று நாமாக நினைத்துக்கொண்டு 15 என்று எழுதினால், இரண்டும் இல்லாத குடும்பங்கள் கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நம் பகுதி இன்னும் மறக்கவில்லை. அத்தகைய துன்ப வேளையில் மேற்சொன்ன ஊருக்கு அரிசி வழங்க வருகிறவர்கள், மீனவர் பட்டியல் ஒன்றும் பாசி எடுப்போர் பட்டியல் ஒன்றும் வைத்துக்கொண்டு பெயருக்கு ஒரு மூட்டை கொடுத்தால், 130-ம் 100-ம் சேர்ந்து 230 மூட்டைகள் செலவாகும். ஊரில் இருப்பதோ 200 குடும்பங்கள். அப்படியும் 20 குடும்பங்கள் வெறுங்கையோடு நிற்கும்! பனை ஓலை முடைகிறவர், கரிமூட்டம் போடுகிறவர், உழைக்க ஆளில்லாத வீட்டு மூதாட்டி ஆகியோரே அந்த இருபதில் இருப்பார்கள். கூட்டல் தெரிந்தும் கணம் தெரியாததால் வரும் அநீதி இது.

அப்படியானால் கூட்டவே கூடாதா? கூட்டலாம், ஆனால் வெட்டாக் கணங்களை மட்டும். பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாட்கள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாட்கள் என்று வகுத்த முறை ஒன்று உண்டு. மூன்றும் நான்கும் ஏழு. ஒரு நாளும் இருவருக்கும் பொதுவில்லை. ஒரு நாளும் மிச்சமில்லை. நாட்களை இப்படிப் பிரிக்கலாம். மனிதரைப் பிரிப்பது கடினம். பாம்பன் தீவில் சின்னப்பாலத்துப் பெண்கள் மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு 2015-ஆம் ஆண்டு சீகாலஜி விருது கிடைத்தது. மற்ற நாட்களில் வேறு வேலை பார்க்கும் பெண்ணை எந்த வட்டத்தில் வைப்பது? இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான்.

இத்தகைய வட்டங்களை 1880-இல் ஆங்கிலேயர் ஜான் வென் விளக்கி எழுதினார். அதனால்தான் அவற்றை வென்படம் என்கிறோம். ஆலிஸின் அற்புத உலகக் கதையை எழுதிய லூயிஸ் கரோலும் கணித ஆசிரியரே. அவர் 1885-இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு வருகிறது. முன்னாள் போர்வீரர்களில் 70 சதவீதம் பேர் ஒரு கண்ணையும், 75 சதவீதம் பேர் ஒரு காதையும், 80 சதவீதம் பேர் ஒரு கையையும், 85 சதவீதம் பேர் ஒரு காலையும் இழந்தவர்கள். நான்கையும் இழந்தவர்கள் குறைந்தது எத்தனை சதவீதம்? இழக்காதவர்களை எண்ணினால் வழி எளிது. 30, 25, 20, 15 ஆகியவற்றின் கூடுதல் 90. ஏதேனும் ஒன்றையாவது இழக்காதவர்கள் 90 சதவீதத்திற்கு மேல் இருக்க முடியாது. ஆகவே குறைந்தது 10 சதவீதம் பேர் நான்கையும் இழந்தவர்கள். வட்டத்துக்கு உள்ளே மட்டும் பார்ப்பவருக்கு இது புதிர். வெளியேயும் பார்ப்பவருக்கு இரண்டு வரிக் கணக்கு.

கணக்கு வேறு, கருணை வேறு என்று சொல்வாருண்டு. நாம் அதை ஏற்கவில்லை. இயேசு பெருமான் சொன்ன காணாமற்போன ஆட்டின் உவமையை நினைத்துப் பாருங்கள். நூறு ஆடுகளில் தொண்ணூற்றொன்பது மந்தையில் இருக்கின்றன. சதவீதத்தில் சொன்னால் வெளியே இருப்பது ஒன்றே ஒன்று. நல்லாயன் முதலில் சரியாக எண்ணினார். எண்ணியதால்தான் தேடப் போனார். எண்ணத் தவறியிருந்தால் அந்த ஆட்டை யார் தேடியிருப்பார்?

அன்புத் தோழியரே! இனி இத்தகைய கணக்கு வந்தால் சூத்திரத்தை நோக்கி ஓடாதீர்கள். முதலில் ஒரு செவ்வகம் வரைந்து அதற்கு 100 என்று பெயரிடுங்கள். அதனுள் வட்டங்களை வரையுங்கள். நடுப்பகுதியை முதலில் நிரப்புங்கள். மூலையில் வட்டத்திற்கு வெளியே எத்தனை பேர் என்று எழுத மறவாதீர்கள். நாளை நம்மில் சிலர் அலுவலராகலாம், ஆசிரியையாகலாம், செவிலியராகலாம். அன்று நம் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் இருமுறை வந்தவர் யார், ஒருமுறைகூட வராதவர் யார் என்று கேட்கத் தெரிந்தால், இந்தப் பாடத்தை நாம் கற்றதில் பொருளுண்டு.