டிக்கட்டா, டிக்கட்டின் படமா?

டிக்கட் மோசடி என்றால் என்னவென்று மலையகத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. எல்ல செல்லும் புகையிரதங்களின் ஆசனங்கள் இணையத்தில் 42 செக்கன்களில் தீர்ந்துவிட்டதாகவும், 2,000 ரூபா டிக்கட் வெளிநாட்டவருக்கு 16,000 ரூபாவுக்கு விற்கப்பட்டதாகவும் 2025 ஜனவரியில் அமைச்சரவைப் பேச்சாளர் நளிந்த ஜயதிஸ்ஸ கூறினார். குற்றப் புலனாய்வுத் திணைக்களமும் விசாரணையில் இறங்கியது. அந்தத் தண்டவாளம் வட்டவளையைத் தொட்டுக்கொண்டுதான் எல்லவுக்கு ஏறுகிறது. நம் ஊர்க் கோச்சிக்கே இந்த நிலை என்றால், உலகமே பார்க்கத் துடிக்கும் உதைபந்தாட்டப் போட்டிக்கு என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

“வட்டவளையில் இருக்கிற எங்களுக்கு அந்த டிக்கட் எதற்கு?” என்று சில தாய்மார் கேட்கக்கூடும். கட்டாரிலும் சவூதியிலும் துபாயிலும் தொழில் செய்யும் பிள்ளைகளை நினைத்தே இதை எழுதுகிறோம். 2022 இல் கட்டாரில் உலகக் கிண்ணப் போட்டிகள் நடந்தபோது, அங்கே வசிப்போருக்கென 40 ரியாலிலிருந்து டிக்கட்டுகள் ஒதுக்கப்பட்டன. மெஸ்ஸியை நேரில் பார்க்க ஒரு தொழிலாளிக்கு அதைவிட மலிவான வாய்ப்பு இனி வருமா தெரியாது. கிடைத்தவர்கள் போனார்கள்; கிடைக்காதவர்களின் ஆசையே மோசடிக்காரனின் முதலீடு. 2027 ஆசியக் கிண்ணமும் 2034 உலகக் கிண்ணமும் சவூதி அரேபியாவுக்கு வழங்கப்பட்டுள்ளன. ஆகவே இந்தக் கதை நம் வீடுகளுக்குப் புதிதாகவும் வரலாம்.

மோசடி நடக்கும் விதம் மிக எளிது. இன்றைய டிக்கட் கடதாசி அல்ல. ஏற்பாட்டாளரின் கணினியில் ஒருவரது பெயரில் இருக்கும் ஒரு பதிவு அது. கைத்தொலைபேசியில் தெரியும் கட்டம்போட்ட சதுரம் அந்தப் பதிவுக்கான சாவி மட்டுமே. விற்பவன் அந்தச் சதுரத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். ஒரே படம் பத்துப் பேருக்குப் போகிறது. வாயிலுக்கு முதலில் வந்தவன் உள்ளே போவான், மற்ற ஒன்பது பேரும் வெளியே நிற்பார்கள். பல போட்டிகளில் அந்த ஒருவனும் போக முடியாது. ஏனெனில் உண்மையான டிக்கட் ஏற்பாட்டாளரின் செயலியில் மட்டுமே திறக்கும்.

2022 மே 28 அன்று பாரிஸில் லிவர்பூல் – ரியல் மட்ரிட் இறுதிப் போட்டியில், வாயில்களில் 2,589 போலி டிக்கட்டுகள் பிடிபட்டதாக ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியம் கூறியது. பிரான்ஸின் உள்துறை அமைச்சரோ முப்பது நாற்பதாயிரம் பேர் என்றார்! ஏற்பாட்டுக் குறைகளுக்கு ஒன்றியமே முதன்மைப் பொறுப்பு என்று பின்னர் சுயாதீன அறிக்கை சொன்னது. போலி டிக்கட் சில வேளை அதிகாரிகளுக்கும் நல்ல சாக்குத்தான்.

நம் பிள்ளைகளை ஏமாற்றுபவன் பெரும்பாலும் நம் மொழியிலேயே பேசுவான். ஸலாத்துடன் தொடங்குவான். “வல்லாஹி, எங்கட ஊர்ப் பொடியன்தான் நானா, சல்லிய முதல்ல போடுங்க, டிக்கட் பின்னேரம் வரும்” என்பான். அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவான். அது முன்னர் ஏமாந்த யாருடையதாகவோ இருக்கும். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. அதற்காகக் காசு போட வேண்டிய கடமை இல்லை.

கையில் இல்லாத பொருளை விற்பது பற்றி ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அவர்கள் கேட்டபோது, உம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அபூதாவூத், திர்மிதி கிரந்தங்களில் காண்கிறோம். சதுரப் படத்தை விற்பவனிடம் இருப்பது படம்தான், ஆசனம் அல்ல.

விற்பவன் நம் பிள்ளையாகவும் இருக்கலாம் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. “நாற்பதுக்கு எடுத்தேன், நானூறுக்குக் கொடுத்தேன், இதில் என்ன?” என்று பெருமை பேசுவோர் உண்டு. அனுமதியின்றி டிக்கட் விற்றால் 2,50,000 ரியால் வரை தண்டம் என்று கட்டார் 2021 இல் சட்டமே இயற்றியது. டிக்கட் எடுக்கும்போது மறுவிற்பனை செய்வதில்லை என்ற நிபந்தனைக்குச் சம்மதித்துத்தானே எடுத்தோம்? ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்குர்ஆன் (5:1) ஏவுவது வியாபாரிகளுக்கு மட்டுமல்ல.

அப்படியானால் என்ன செய்வது? ஏற்பாட்டாளரின் தளத்திலேயே வாங்குங்கள். முகவரியை நீங்களே தட்டச்சுச் செய்யுங்கள், யாரோ அனுப்பிய இணைப்பைத் தொடாதீர்கள். இரண்டாம் கையில்தான் வாங்க வேண்டுமென்றால், ஏற்பாட்டாளரே நடத்தும் மறுவிற்பனைத் தளத்துக்குப் போங்கள். அங்கே டிக்கட் விற்றவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கே மாறும். 2026 உலகக் கிண்ணத்துக்கு பீஃபா இதற்காக வாங்குபவரிடம் 15 வீதம், விற்பவரிடமும் 15 வீதம் என்று அறவிட வைத்தது. அநியாயக் கட்டணம்தான், என்றாலும் வாயிலில் திருப்பி அனுப்பப்படுவதைவிட மேல். தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். அட்டையில் செலுத்தினால் வங்கியிடம் முறையிடவாவது வழியுண்டு.

ஏமாந்துவிட்டால், வெட்கத்தில் செய்திகளை அழித்துவிடுவதே பிள்ளைகள் செய்யும் முதல் காரியம். அதைத் தடுங்கள். உரையாடல், கணக்கிலக்கம், பணம் போட்ட பற்றுச்சீட்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும். வங்கிக்கு உடனே தொலைபேசி எடுத்து, அதன்பின் பொலிஸுக்குப் போகச் சொல்லுங்கள். ஏசுவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.